கன்சல்டிங்கில் டேட்டா இன்ஜினியர் வேலை: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பேட்டைக்காரன்:
அபிஷேகப்பட்டி சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை முடித்துவிட்டேன். சென்னையில், பிற நிறுவனங்களின் வேலையைச் செய்துகொடுக்கும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் இளநிலை டேட்டா இன்ஜினியராக (தரவுகளைத் திரட்டிச் சீராக்கித் தருபவராக) வேலை கிடைத்திருக்கிறது. "சம்பளம் ஒருவர் தருவார், வேலை வேறொருவருக்கா?" என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எஸ்கியூஎல், பைத்தான், ஸ்பார்க் என்று படிக்க வேண்டியவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது, அது வேண்டாம். உள்ளே போன பிறகு யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது என்று அண்ணாச்சிமாரும் அக்காமாரும் சொல்லுங்கள்.

வள்ளியூரான்:
தம்பி, சென்னையில் சேர்ந்த எனக்கு முதல் கிளையண்டாக, அதாவது வேலை கொடுக்கும் வாடிக்கையாளராக, வாய்த்தது பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வைத்திருந்த ஒரு நிறுவனம். பிழைக்கப் போனவனை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றைத் தெரியாதவர் நம் பக்கம் உண்டா? அந்தக் காற்று அட்டவணைக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒவ்வொரு காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கருவியும் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும்: காற்றின் வேகம், திசை, உற்பத்தி. ஒரு நாளைக்கு 144 வரிகள். மின்கட்டமைப்புக்குக் கொடுக்கும் உற்பத்தி அட்டவணையோ 15 நிமிடக் கணக்கு. ஒரு நாளைக்கு 96 கட்டங்கள். இரண்டையும் ஒரே அறிக்கையில் பொருத்த வேண்டும். 10.10 முதல் 10.20 வரை உற்பத்தியானது எந்தக் கட்டத்தில் சேரும்? பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்தோம். அதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் இருந்தது. வரியில் 10.10 என்று போட்டிருந்தால் அது முடிந்த பத்து நிமிடமா, தொடங்கப்போகும் பத்து நிமிடமா? பழைய இயந்திரங்களில் ஒரு வழக்கம், புதியவற்றில் வேறொன்று. கையில் இருந்த ஆவணங்கள் எதிலும் இது இல்லை.

ஆடி மாதத் தரவை வரைபடமாக்கி எடுத்துக்கொண்டு பணகுடிக்குப் போனேன். அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் மூத்த ஊழியர் ஒருவர் படத்தைப் பார்த்ததுமே, "தம்பி, இது எந்த ஊர்க் காற்று?" என்று கேட்டார். உற்பத்தியின் உச்சம் பகல் பதினொன்றரைக்கு இருந்தது. "நம்ம இயந்திரங்களில் ஆடியில் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தானே உச்சம் வரும்!" ஐந்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் ஐந்தரை மணி நேரம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோப்பை அனுப்பிய மென்பொருள், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது. அது எந்த நேரம் என்று கோப்பில் எங்கும் குறிப்பிடவில்லை. சென்னையில் அந்த வரைபடத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் தலையாட்டியிருந்தோம்.

அண்ணாச்சி அத்தோடு விடவில்லை. சில காற்றாலைகளில் உற்பத்தி திடீரென்று எதிர்மறை எண்ணாக வந்ததைக் காட்டினேன். கருவியை மாற்றினால் உள்ளே இருக்கும் மொத்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குமாம். நேற்றையதை இன்றையதிலிருந்து கழித்தால் வேறென்ன வரும்? எந்த இயந்திரத்தில் எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று அவர் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை அட்டவணையாகத் தட்டச்சு செய்து சேர்த்ததுதான் அந்தத் திட்டத்தில் நான் செய்த உருப்படியான வேலை என்பேன். கூட்டிப் பார்த்தபோது மின்வாரிய மாதக் கணக்குக்கு நெருக்கமாக வந்தது.

பெரும் தரவைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டும் ஸ்பார்க் பற்றி ஒரு வார்த்தை. நூறு காற்றாலை, ஒரு வருடம் என்று வைத்தாலும் 52,56,000 வரிகள்தான். சாதாரண போஸ்ட்கிரஸ் தரவுத்தளமே தாங்கும். ஆனால் ஒப்பந்தத்தில் ஸ்பார்க் என்று எழுதி விற்றிருந்தார்கள். ஆகவே ஸ்பார்க்தான். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் கன்சல்டிங்கில் காலம் தள்ள முடியாது.

மேலப்பாளையம் அக்கா:
அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் உங்கள் நிறுவனம் தரும். நீங்கள் உழைத்த நேரத்தைக் கணக்கிட்டு, அதைவிடக் கூடுதலான தொகையைக் கிளையண்டிடம் அது வாங்கிக்கொள்ளும். அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற டைம்ஷீட் கேட்டுப் பிராணனை வாங்குவார்கள். கிளையண்ட் இல்லாத நாட்களுக்குப் பெஞ்ச் என்று பெயர்.

என் கிளையண்ட் இங்கிலாந்தில் இருந்த ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். முன்பு இருந்த குழு எழுதிவிட்டுப் போன பைப்லைன் (தரவை எடுத்துச் சீராக்கி அறிக்கை வரை கொண்டுபோகும் நிரல்தொடர்) என் கைக்கு வந்தது. அதில் சில கடைகளின் விற்பனை ஒரு மாதத்திலிருந்து சரியாக இரட்டிப்பாகியிருந்தது. காரணம் எளிது. அந்தக் கடைகள் வேறு தெருவுக்கு மாறியபோது கடைப் பட்டியலில் பழைய முகவரிக்கு ஒரு வரியும் புதியதற்கு ஒரு வரியும் ஒரே கடை எண்ணில் நின்றுவிட்டன. விற்பனையோடு இணைத்தால் ஒவ்வொரு ரசீதும் இரண்டு முறை விழும். முகவரி எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்று அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்து, விற்பனைத் தேதியையும் வைத்து இணைத்தவுடன் தீர்ந்தது. எனக்கு ஆச்சரியம் பிழையில் இல்லை. எண் குறைந்திருந்தால் அன்றைக்கே தொலைபேசி அலறியிருக்கும். கூடியிருந்ததால் மாதக்கணக்கில் ஒருவரும் கேட்கவில்லை. திருத்திய அறிக்கையை வைத்தபோது அந்த மேலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அதிலிருந்து, இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. நேர்காணலிலும் புதியவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். கருவிகளின் பெயரை ஒப்பிப்பவர்கள் பலரும் இங்கே தடுமாறுகிறார்கள்.

தென்காசிக்காரன்:
எல்லோரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள். நான் மறுபக்கம். கன்சல்டிங்காரர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பைப்லைனைக் கட்டி மேய்ப்பவன். அவர்கள் விடைபெறும் கூட்டத்தில் எண்பது பக்க ஆவணம் கொடுத்தார்கள். இரவில் தானாக ஓடும் பைப்லைன் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. நின்றது. மறுபடி ஓட்டினேன். பாதி ஏறியிருந்த அன்றைய தரவின் மேலேயே முழுவதும் மறுபடி ஏறிவிட்டது. அன்றைய தேதிக்குரியதை முதலில் அழித்துவிட்டு எழுதும்படி அமைத்திருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வந்திருக்கும். இதைக் கல்லூரியிலேயே சொல்லித் தரலாம்.

தான் கட்டியதோடு கொஞ்ச காலமாவது குடியிருக்காதவருக்கு இந்த வலி எப்படித் தெரியும்? சென்னைக்குப் போனால்தான் மென்பொருள் வேலை என்ற காலமும் இல்லை. எங்கள் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. சொந்த மென்பொருள் செய்யும் இடத்தில் தொடங்குவதுதான் என் கட்சி.

வள்ளியூரான்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெவ்வேறு தொழில்களின் உள்வீட்டைச் சின்ன வயதிலேயே காட்டும் வேலை இது ஒன்றுதான். எனக்குக் காற்றாலைக்குப் பின் மருத்துவக் காப்பீடு, அதன் பின் துறைமுகச் சரக்கு. எண்பது பக்க ஆவணத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

பேட்டைக்காரன்:
பெரிய நன்றி. ஒன்று மட்டும். பெஞ்சில் இருக்கும்போது சம்பளம் உண்டா? இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று பத்திரம் கேட்கிறார்கள், அதுவும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மேலப்பாளையம் அக்கா:
எனக்குப் பெஞ்சிலும் மாதச் சம்பளம் முழுதாக வந்தது. உன் வேலை உத்தரவில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார். பெஞ்ச் நீண்டால் என்ன செய்வார்கள் என்பதையும் மனிதவளத் துறையில் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள். பத்திரத்தில் இடையில் விலகினால் எவ்வளவு தொகை, அறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்ற இரண்டையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு தம்பி. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதே. காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும்.