பால் இல்லாத காலைப் பலகாரம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

டபரா_டம்ளர்

ஓட்ஸ் பால், முந்திரிப் பால் பற்றியெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மகள் விடுதியிலிருந்து வந்து, இனிமேல் பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வீடு முழுக்கவே நனிசைவம், அதாவது வீகன், என்று நானும் ஒப்புக்கொண்டேன். முன்கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது மாமனாரின் காபி.

அவருக்கு 78 வயது. காலை ஆறு மணிக்கு முதல் டிகாக்‌ஷனில் ஒரு டம்ளர், அறுபது வருஷப் பழக்கம். அன்றைக்கு டிகாக்‌ஷன் நன்றாகத்தான் இறங்கியது, கறுகறுவென்று. ஓட்ஸ் பாலை அடுப்பில் வைத்து, பசும்பாலைப் போலப் பொங்கட்டும் என்று நின்றேன். பொங்கவில்லை. தளதளவென்று கெட்டியாகிக்கொண்டே போனது. டிகாக்‌ஷன் விட்டால் இளகிவிடும் என்று கலந்து ஆற்றினேன். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே காபி ஒரு முழத்துக்குத் தாரையாக இறங்குமே, இது நூல் விட்டுத் தொங்கியது. நுரை பேருக்குக்கூட இல்லை.

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கஞ்சி நல்லா இருக்கும்மா. காபி எப்ப வரும்?" என்றார்.

கிண்டல் பண்ணுகிற மனிதர் இல்லை அவர். நிஜமாகவே கேட்டார். மகள் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குப் போனேன்.

மூணு_விசில்

கறுப்பு உப்பைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

பெங்களூரில் மூன்று பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். நான்தான் கடலை மாவு ஆம்லெட் சோதனை செய்கிறவன். முதல் தடவை கடைக்காரர் இந்துப்பைக் கொடுத்துவிட்டார். அது வேறு, இது வேறு. முட்டை வாசனை துளியும் வரவில்லை. அடுத்த வாரம் சரியான உப்பு கிடைத்தது. போன தடவை ஏமாந்த ஆத்திரத்தில் ஒரு ஸ்பூன் நிறைய மாவிலேயே போட்டுக் கலக்கிவிட்டேன்.

கல்லில் ஊற்றி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குளித்துக்கொண்டிருந்த நண்பன் துண்டோடு ஓடிவந்தான். அடுப்பை அணைத்தான், ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றினான், ஜன்னலை எல்லாம் திறந்தான், "ஸ்விட்ச்ல கை வைக்காதே!" என்று கத்தினான். தலையில் ஷாம்பு நுரை அப்படியே இருந்தது. என்னையும் வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நிறுத்திவிட்டான்.

அவன்மேல் தப்பே இல்லை. சமையல் கேஸுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், அது கந்தகச் சேர்மம். கறுப்பு உப்பில் மணப்பதும் கந்தகச் சேர்மங்கள்தான். ஒரு ஆளுக்கு ஒரு சிட்டிகை, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு மேலே தூவ வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நான் கடலை மாவு டப்பாவை எடுத்தால் அவன் இன்றைக்கும் சிலிண்டரை ஒரு பார்வை பார்க்கிறான்.

நெய்மணம்

தம்பி மூணு_விசில், நீங்கள் கடலை மாவு ஆம்லெட் என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறீர்கள். எங்கள் மதுரை வீட்டில் அதற்குப் பெயர் தக்காளி ஆம்லெட். வெள்ளிக்கிழமை முட்டை கூடாது, பிள்ளைகள் ஆம்லெட் கேட்டு அழும், அம்மா கடலை மாவில் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டு ஊற்றிக் கொடுப்பாள். வீகன் என்ற வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கந்தக வாசனையும் வேண்டியிருக்கவில்லை.

அது போகட்டும். இட்லி, இடியாப்பம், ஆப்பம், அடை, குழிப்பணியாரம், புட்டு, இதில் எதில் பால் இருக்கிறது? இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் விட்டால் யாராவது நெய் கேட்பார்களா? பாதிப் பலகாரம் ஏற்கெனவே இவர்கள் சொல்கிறபடிதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓட்ஸைப் பிழிந்துகொண்டு கஷ்டப்படுகிறார்கள்.

என் கதை வெண்பொங்கல். மருமகள் நெய் சாப்பிடமாட்டாள், கல்யாணமாகி முதல் முறை வருகிறாள். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் மிளகு, சீரகம், முந்திரி, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டினேன். வாசனை அபாரம், அதில் எனக்குப் பெருமைகூட. ஆனால் எண்ணெயைக் கை இழுத்துக்கொண்டு விட்டேன், தண்ணீரும் வழக்கமான அளவுதான். பரிமாறத் தூக்கினால் கரண்டி பொங்கலில் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது. அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அத்தே, இது வெட்டிச் சாப்பிடணுமா?" என்று கேட்டாள். கேலியா மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது ஒரு கப் அரிசியும் பருப்பும் சேர்ந்த கலவைக்கு ஆறு கப் தண்ணீர் வைக்கிறேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது தளரத் தளர இருக்க வேண்டும், ஆறினால் எப்படியும் இறுகும்.

ஸ்கார்பரோ_சொதி

எங்களுடைய கதை வேறு மாதிரி. சிரிக்க முடியாது.

மகன் தன் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஞாயிறு பதினொரு மணி, அவன் பிரன்ச் என்றான், எனக்கு அது பிந்தின காலைச் சாப்பாடு. வெளியில் பனி கொட்டுது. அந்தப் பிள்ளை வீகன் என்று முதலே சொல்லியிருந்தான். எனக்கு என்ன கவலை? இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, உருளைக்கிழங்குப் பிரட்டல். சொதியை இறக்கிவைத்துவிட்டுத்தான் தேசிக்காய்ப் புளி விட்டேன், திரையவேயில்லை. பிள்ளை கையால் சாப்பிட்டது, அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோசம்.

மேசையில் இன்னும் வடிவாக இருக்கட்டும் என்று சீனிச் சம்பல் போத்தல் ஒன்றையும் திறந்து வைத்தேன். அதுதான் அந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டது. எனக்கு ரெசிப்பி வேண்டும் என்று கேட்டது. மேசையைத் துடைக்கும்போதுதான் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் மாசிக் கருவாடு என்று கிடந்தது.

அந்த நேரம் அது சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்குது. "தாங்க் யூ அன்ரி" என்று கட்டிப்பிடித்தது. நான் சொல்லவில்லை. இப்ப மருமகளாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. வீட்டில் மாசி போடாமல் வெங்காயம், புளி, சீனி, மிளகாய்த்தூள் மட்டும் போட்டு வதக்கிக் கொடுக்கிறேன். "அன்றைக்குச் சாப்பிட்டதுதான் திறம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுது.

பச்சைப்புள்ளி

சொதி அம்மா, நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே. கோபித்தால் கோபித்துவிட்டுப் போகட்டும். ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் முடிவு, மறைத்தது தப்பு.

என் அனுபவம் சின்னது. இரண்டு வருஷம் தினமும் வேர்க்கடலை வெண்ணெய் தடவி பிரெட் சாப்பிட்டுவிட்டு நான் முழு வீகன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிரெட் உறையைப் படித்தேன், பால் பவுடர். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது சைவத்துக்கான அடையாளம், பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகனுக்குத் தனி முத்திரை இருக்கிறது. இந்தியாவில் 2022இல் அதற்கென்று விதிமுறைகள் வந்தன, பச்சை நிறத்தில் வி எழுத்தும் இலையுமாக இருக்கும். முத்திரை இல்லாத பொருள் எல்லாம் வீகன் இல்லை என்றும் அர்த்தமில்லை, பொருட்களின் பட்டியலைப் படிக்க வேண்டும். பால் பவுடர், மோர்த்தூள், கேசின் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

டபரா அக்கா, உங்கள் ஓட்ஸ் பாலில் நடந்தது ஸ்டார்ச் வெந்தது. ஓட்ஸை ஊறவைக்கவே கூடாது. ஒரு கப் ஓட்ஸுக்கு நான்கு கப் ஐஸ் தண்ணீர், மிக்ஸியில் முப்பது விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், துணியில் போட்டுப் பிழியாதீர்கள், தானாக வடிந்ததை மட்டும் எடுங்கள். அடுப்பில் கொதிக்க விட்டால் எப்படிச் செய்தாலும் கஞ்சிதான். காபிக்கு முந்திரிப் பால் மேல். கால் கப் முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீரில் மையாக அரைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகாமல் சுடவையுங்கள். சோயா பாலை வீட்டில் எடுத்தால் மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டே தீர வேண்டும், பச்சைச் சோயா வயிற்றுக்கு ஆகாது. அதைக் காபியில் விடும்போது டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து திரித்துவிடும். ஆகவே சூடான பாலில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், டிகாக்‌ஷனில் பாலை அல்ல.

பான்கேக்குக்கு முட்டை வேண்டாம், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும், ஒரு முட்டைக்கு அது சரி. ரவா இட்லிக்குத் தயிர் கேட்டால் எலுமிச்சைச் சாறு கலந்த தேங்காய்ப்பால். இன்னொன்று, உங்கள் மகளிடம் பி12 பற்றிப் பேசினீர்களா? தாவர உணவில் அதை நம்ப முடியாது, மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம். டாக்டரிடம் அளவு கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நெய்மணம்

கேட்டது அனுபவம். வந்தது வகுப்பு.

ஸ்கார்பரோ அம்மா, நீங்கள் சொல்லாதது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் என்னவென்று சொல்வது? ஆனால் கல்யாணத்துக்கு அப்புறமும் சொல்லாமல் இருப்பது கொஞ்சம் ஜாஸ்திதான்.

மிளகாய்க்_காம்பு

இந்தச் சண்டையைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் என் கதையில் ஏமாந்தது நான்.

வேர்க்கடலைத் தயிர். செய்முறை உங்களுக்குத் தெரியும்: ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் மிளகாய்க் காம்பு போட்டு ராத்திரி மூடி வைப்பது. எனக்கு நான்கு தடவை சொதப்பியது. ஒருமுறை தண்ணீர் தனி, பால் தனி. ஒருமுறை நூல் நூலாக இழுத்தது. கசப்புகூட வந்தது. தஞ்சாவூர் அம்மா வீட்டுக்குப் போனபோது ஐந்தாவது முயற்சி. ஏழெட்டுக் காம்பு போட்டு, மேடையில் ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் மூடியைத் திறந்தால் கட்டித் தயிர். ஸ்பூனால் வெட்டினால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிறது. பழைய சோற்றில் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன். போட்டோ எடுத்து இங்கேதான் போட்டேன், உங்களில் நிறையப் பேர் அளவு கேட்டீர்கள், நானும் கிராம் கணக்கில் எழுதினேன்.

மத்தியானம் அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள்: "ராத்திரி பார்த்தேன்டா, பால்ல ஏதோ குப்பை கிடந்துது, எடுத்துப் போட்டேன். உறை ஊத்த மறந்துட்டேன்னு நான்தான் ஒரு கரண்டி நம்ம தயிரை விட்டு வச்சேன். நல்லா தோஞ்சுதா?"

நல்லா தோஞ்சுதும்மா என்றேன்.

அந்தப் பதிவை இன்னும் நான் நீக்கவில்லை. அந்த அளவுகளை நம்பி யாராவது செய்து, தோயாமல் போயிருந்தால், மன்னிக்கவும். பச்சைப்புள்ளி, நீங்கள்தான் அதில் "முதல் தடவையே அசத்தல்" என்று எழுதியிருந்தீர்கள்.

பச்சைப்புள்ளி

எனக்கும் தோயவில்லை. என் மிக்ஸி சரியில்லை என்று நினைத்துப் புதிது வாங்கினேன்.

ஸ்கார்பரோ_சொதி

தம்பி காம்பு, அம்மாவைக் குறை சொல்லாதேங்கோ. வாசித்துவிட்டு நல்லாய்ச் சிரித்தேன். பச்சைப்புள்ளி சொன்னதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாற கிழமை வருவினம், பார்ப்பம்.

டபரா_டம்ளர்

எல்லோருக்கும் நன்றி. பி12 மாத்திரை மகள் ஏற்கெனவே போடுகிறாள், பச்சைப்புள்ளி.

முந்திரிப் பால் காபி போட்டேன். நிறம் வந்தது, கொஞ்சம் நுரைகூட வந்தது. மாமனார் முழுசாகக் குடித்துவிட்டு வாக்கிங் கிளம்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். அரை மணி கழித்து எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டு, "உங்க வீட்ல பால் வரலையா? பெரியவர் இங்க வந்து காபி கேட்டுக் குடிச்சுட்டுப் போறாரே" என்கிறார்.

நேற்று ஞாயிறு. நான் எதுவும் கேட்காமல் அவராகவே வந்து, "அன்னிக்குப் போட்டியே அந்தக் கஞ்சி, அதையே போடேன். காபி வேண்டாம், உப்புப் போட்டுக் கொடு" என்றார். ஓட்ஸ் பாலைக் கொதிக்கவிட்டு, உப்பும் சுக்கும் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வறுத்துக் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் காய்ந்துவிட்டது, டப்பாவைத் திறந்து மிளகாயைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அம்மா, பேர்லயே மோர் இருக்கு" என்றாள் மகள்.

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஊறுகாய் போடு" என்றார்.