ஒரு டாலர் இன்சுலின் கதையை இத்தோடு நிறுத்துங்கள்

#1 கணக்குப்பிள்ளை (இரவு 8.40)

நேற்று 'மருந்து விலை' இழையில் ஊசிக்காரன் ஒரு வீரவசனம் எழுதியிருந்தார். "பான்டிங் இன்சுலினை ஒரு டாலருக்குக் கொடுத்தார். அப்புறம் சட்டம் வந்தது, கம்பெனி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, மருத்துவம் செத்தது." கீழே ஒரே கைதட்டல். நான் பதில் தட்டி முடிப்பதற்குள் மட்டுறுத்துநர் இழையைப் பூட்டிவிட்டார். அதனால் தனி இழை.

ஒரு டாலர் இல்லை ஐயா. மூன்று டாலர். 1923-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையில் இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவின் மூன்று பெயர்கள் இருக்கின்றன: பான்டிங், பெஸ்ட், காலிப். மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று. இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

#2 ஊசிக்காரன் (இரவு 8.58)

வந்துவிட்டார். விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் வராமல் இருப்பாரா?

நான் எழுதியது "பான்டிங் கொடுத்தார்" என்று. பான்டிங் வாங்கியது ஒரு டாலர்தானே? அப்படியென்றால் என் வாக்கியம் சரி. மற்ற இருவரின் டாலரையும் என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

பேச வேண்டிய விஷயம் வேறு. ஹ்யூமலாக் என்ற இன்சுலின் 1996-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2017-ல் பட்டியல் விலை ஏறக்குறைய 275. அதே குப்பி, அதே மருந்து. இதற்குப் பதில் சொல்லுங்கள் கணக்கரே.

#3 வெள்ளைக்கோட்டு (இரவு 9.15)

விலையைப் பற்றி நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். "சட்டம் வந்தது, மருத்துவம் செத்தது" என்ற வரிக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

1922 ஜனவரி 11. டொரான்டோ மருத்துவமனையில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். கணையத்திலிருந்து எடுத்த சாறு கலங்கல். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது, ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது. நிறுத்திவிட்டார்கள். காலிப் ராப்பகலாக உட்கார்ந்து சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23-ம் தேதி போட்ட பிறகுதான் பையன் எழுந்து உட்கார்ந்தான். இடையில் 12 நாள். கண்டுபிடிப்பு இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது சுத்தம்.

அந்தச் சுத்தத்தைப் பல்கலைக்கழகம் தன் காப்புரிமையை வைத்துத்தான் கட்டிக் காத்தது. உரிமம் பெற்ற கம்பெனிகள் அதன் குழுவின் தர அளவுக்கு உட்பட வேண்டியிருந்தது. 1941 டிசம்பரில் காப்புரிமை காலாவதியாகும் நேரம். நாளை முதல் யார் வேண்டுமானாலும் எதையும் காய்ச்சி விற்கலாம் என்ற நிலை. அப்போதுதான் அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்துச் சான்று கொடுத்த பிறகே விற்க வேண்டும் என்றது. நீங்கள் திட்டும் அந்தச் சட்டத்தால் பிழைத்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது ஊசிக்காரரே?

#4 கணக்குப்பிள்ளை (இரவு 9.22)

டாக்டரம்மா நன்றாகச் சொன்னீர்கள். காலிப் இல்லாவிட்டால் மருந்தே இல்லை என்பதும் இதில் வந்துவிட்டது. ஆகவே அவருடைய டாலரைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். மூன்று டாலர்.

#5 ஊசிக்காரன் (இரவு 9.31)

அவர் மூன்று டாலரை விட மாட்டார் போலிருக்கிறது.

பழைய கதை ஒன்றைப் புதியவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். போன வருடம் எக்ஸ்ரே இழையில் இதே மனிதர் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1896 என்று அடித்துச் சொன்னார். 1895 நவம்பர் என்று நான் காட்டினேன். ரான்ட்ஜன் காப்புரிமையே வாங்கவில்லை என்பதையும் சொன்னேன். அன்றைக்குப் போனவர் இரண்டு மாதம் ஆள் இல்லை. இப்போது டாலரோடு திரும்பி வந்திருக்கிறார்.

#6 கணக்குப்பிள்ளை (இரவு 9.34)

வேலை இருந்தது. 1896-ல் செய்தி உலகம் முழுக்கப் பரவியது என்று எழுதினேன். கண்டுபிடித்த ஆண்டு என்று எழுதவில்லை.

#7 ஊசிக்காரன் (இரவு 9.35)

எழுதினீர்கள்.

#8 அரைத்தூக்கம் (இரவு 9.52)

தொழில்நுட்பம் பற்றி யாரும் பேசவில்லையே என்று நான் வருகிறேன். பத்து வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவன்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறது அல்லவா, இரத்தம் குத்தாமலே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவு காட்டுவது. போன வாரம் ராத்திரி இரண்டரை மணிக்கு போன் அலறியது. 52, கீழ்நோக்கி அம்புக்குறி. மனைவி பாதித் தூக்கத்தில் ஓடிப்போய் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு வந்தாள். குடித்தேன். பத்து நிமிடம் கழித்துச் சந்தேகம் வந்து விரலைக் குத்திப் பார்த்தால் 171. நான் அந்தக் கையின் மேல் படுத்திருந்திருக்கிறேன். சென்சார் அழுந்தினால் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். கையேட்டில் எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன், "தூங்கும் நிலையை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம்.

ஆனாலும் அதைக் கழற்ற மாட்டேன். அதற்கு முன்னால் ராத்திரியில் மயங்கிப் போனது எத்தனை முறை என்று எனக்குத்தான் தெரியும்.

#9 கணக்குப்பிள்ளை (இரவு 9.58)

தம்பி, 171 என்பது குளுக்கோஸ் குடித்த பிறகு எடுத்தது. அதை வைத்து 52 பொய் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? குடிப்பதற்கு முன்னால் குத்தியிருக்க வேண்டும்.

#10 அரைத்தூக்கம் (இரவு 10.01)

அண்ணே, பத்து நிமிடத்தில் 52-லிருந்து 171-க்கு ஏற நான் என்ன ராக்கெட்டா? அந்த நேரத்தில் போன் அலறினால் நீங்கள் முதலில் குத்திப் பார்ப்பீர்களா, குடிப்பீர்களா?

#11 ஊசிக்காரன் (இரவு 10.10)

தம்பி சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். சென்சாரும், உடம்பில் இன்சுலினை ஏற்றும் பம்ப்பும் ஒன்றோடொன்று பேசி, தானே இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைத்தால் என்ன என்று நோயாளிகளே கேட்டார்கள். கம்பெனிகள் இழுத்தடித்தன. "நாங்கள் காத்திருக்க மாட்டோம்" என்று சொல்லி அவர்களே நிரல் எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். அதற்கு வாகாக இருந்தவை மெட்ரானிக் கம்பெனியின் பழைய பம்ப்புகள். ஏன் தெரியுமா? வெளியிலிருந்து வானொலி அலை மூலம் கட்டளை கொடுக்க அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதே ஓட்டையைக் காட்டித்தான், யாராவது ஊடுருவலாம் என்று 2019-ல் அந்தப் பம்ப்புகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. நோயாளிக்குக் கதவு, அதிகாரிக்கு ஓட்டை. இதுதான் உங்கள் சட்டம் டாக்டரம்மா.

#12 வெள்ளைக்கோட்டு (இரவு 10.26)

பாதியைச் சொல்லி மீதியை விழுங்காதீர்கள். அதே 2019 மே மாதம் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. இப்படிச் சொந்தமாக இணைத்த கருவி ஒன்றில் சென்சாரின் தவறான அளவை நம்பி இன்சுலின் திரும்பத் திரும்ப ஏறி, ஓர் ஆள் மருத்துவ உதவி தேவைப்படும் நிலைக்குப் போனார். மேலே தம்பி சொன்ன பொய் 52-ஐ நினைத்துப் பாருங்கள். அது பொய்யாக 300 காட்டி, பம்ப் தானாக ஊற்றியிருந்தால்?

கதவை அடைத்துவிட்டார்கள் என்பதும் தவறு. நோயாளிகள் எழுதிய அந்த நிரலிலிருந்து உருவான டைட்பூல் லூப் என்ற செயலிக்கு 2023 ஜனவரியில் அதே எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

#13 ஊசிக்காரன் (இரவு 10.30)

எத்தனை வருடம் கழித்து? அதைச் சொல்லுங்கள்.

#14 சும்மா ஒரு கேள்வி (இரவு 10.41)

வணக்கம், புதியவன். காப்புரிமை வேறு, தர அனுமதி வேறு, விலைக் கட்டுப்பாடு வேறு அல்லவா? மூன்றையும் "சட்டம்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம் என்று தோன்றுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமா?

#15 கணக்குப்பிள்ளை (இரவு 11.05)

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஊசிக்காரன் காட்டும் தியாகி பான்டிங் வெறும் ஒரு டாலரோடு வீட்டுக்குப் போகவில்லை. 1923-லேயே கனடா நாடாளுமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 7,500 டாலர் ஆயுள் ஓய்வூதியம் கொடுத்தது. நோபல் பரிசில் தன் பங்கில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. பல்கலைக்கழகமும் உரிமத் தொகை வாங்கி ஆய்வு நடத்தியது. இலவசம் என்று எதுவும் நடக்கவில்லை. தனி ஒரு கம்பெனி கையில் மாட்டாமல் இருக்கத்தான் காப்புரிமையே எடுத்தார்கள்.

அடுத்து 21 டாலர், 275 டாலர். பட்டியல் விலை என்பது கடைசியில் கைமாறும் விலை அல்ல. காப்பீட்டுக்காரனுக்கும் கம்பெனிக்கும் நடுவே பேரம் பேசும் தரகு நிறுவனங்கள் உண்டு. பட்டியலில் விலை ஏற ஏற, "உனக்குத் தள்ளுபடி" என்று திருப்பிக் கொடுக்கும் தொகையும் ஏறும். யார் அதிகம் திருப்பிக் கொடுக்கிறார்களோ அவர்கள் மருந்துதான் காப்பீட்டுப் பட்டியலில் மேலே ஏறும். காப்பீடு இல்லாதவன் மட்டும் அன்று முழு 275-ஐயும் எண்ணி வைத்தான்.

2023 மார்ச்சில் ஹ்யூமலாக் தயாரிக்கும் லில்லி கம்பெனி அதன் பட்டியல் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்ததை எல்லோரும் கருணை என்றார்கள். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்துக்குக் கம்பெனிகள் திருப்பிக் கொடுக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2024 ஜனவரியோடு அது போகும் என்று 2021-லேயே சட்டமாகிவிட்டது. விலையை அப்படியே வைத்திருந்தால், அந்தத் திட்டத்தில் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் விலைக்கு மேலேயே திருப்பித் தர வேண்டி வந்திருக்கும். குறைத்தது சட்டம் போட்ட கணக்கு.

கணக்கு என்று வந்துவிட்டதால் மறுபடியும்: மூன்று டாலர்.

#16 ஊசிக்காரன் (இரவு 11.12)

பாருங்கள், நான் சொன்னதையே சொல்லிவிட்டு என்னைத் திட்டுகிறார். இடைத்தரகன் யார்? பணம். விலையை ஏற்றியது யார்? பணம். நான் எழுதியதும் அதுதானே?

#17 கணக்குப்பிள்ளை (இரவு 11.13)

நீங்கள் எழுதியது "ஒரு டாலர்".

#18 தூயசொல் (இரவு 11.20)

இத்தனை நேரமாகப் படிக்கிறேன். இன்சுலின், சென்சார், பம்ப். ஒருவருக்காவது 'கணையநீர்' என்று எழுத வாய் வரவில்லையா?

#19 வெள்ளைக்கோட்டு (இரவு 11.29)

ஐயா, கணையநீர் வேறு. அது உணவைச் செரிக்கக் குடலுக்குள் போவது. இன்சுலின் இரத்தத்தில் கலப்பது. பான்டிங்கின் முதல் யோசனையே இதைப் பிரிப்பதுதான். செரிமான நீர் இன்சுலினை அழித்துவிடும் என்று நினைத்து, நாயின் கணையக் குழாயைக் கட்டிப்போட்டு அந்த நீரை நிறுத்தப் பார்த்தார். நீங்கள் சொல்லும் பெயரை வைத்தால் எதிரியின் பெயரை மருந்துக்கு வைத்தது போல ஆகும்.

#20 தூயசொல் (இரவு 11.33)

அப்படியானால் கணையச் சுரப்பு. கொள்கை மாறாது.

#21 அரைத்தூக்கம் (இரவு 11.40)

கணையத்தில் குளுக்ககானும் சுரக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ஒன்று சர்க்கரையை இறக்கும், மற்றது ஏற்றும். ஒரே பெயரில் இரண்டு மருந்தையும் வைத்தால் என் மனைவி இரண்டரை மணிக்கு எதை எடுத்துக்கொண்டு வருவாள்?

#22 தூயசொல் (இரவு 11.42)

மொழிப்பற்று இல்லாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

#23 மட்டுறுத்துநர் (இரவு 11.50)

தனிநபர் தாக்குதல் வேண்டாம். கலைச்சொல் சண்டையை மொழிப் பகுதிக்கு எடுத்துப் போங்கள். எக்ஸ்ரே பஞ்சாயத்தை யாரும் மறுபடி தொடங்க வேண்டாம்.

#24 ஊசிக்காரன் (இரவு 11.54)

நான் தொடங்கவில்லை. 1895. அவ்வளவுதான்.

#25 வெள்ளைக்கோட்டு (இரவு 11.58)

ஊசிக்காரரே, 1941 சட்டத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

#26 ஊசிக்காரன் (காலை 12.03)

2019-க்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு நடந்ததைச் சொல்கிறீர்கள், அதே நிரலால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர்களைச் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் கணக்கெடுப்பது எப்போதும் ஒரு பக்கம்தான்.

#27 வெள்ளைக்கோட்டு (காலை 12.09)

"உங்கள் ஆட்கள்" என்றால் யார்? ராத்திரிப் பணிக்குக் கிளம்புகிறேன், இன்றைக்கு மயக்கத்தில் வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.

#28 கணக்குப்பிள்ளை (காலை 12.20)

காப்புரிமை எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அமெரிக்கக் காப்புரிமை 14,69,994. நாள் 1923 அக்டோபர் 9. பெயர்களை எண்ணுங்கள் ஊசிக்காரரே. முதலில் தன் பெயரே வேண்டாம் என்று ஒதுங்கியவர் உங்கள் பான்டிங். மருத்துவன் காப்புரிமை எடுப்பது முறையல்ல என்று நினைத்தார். அவர் பெயர் இல்லாமல் அது செல்லாது என்று சொன்ன பிறகுதான் சேர்ந்தார். ஆக முதலில் இருந்தவை மற்ற இருவரின் பெயர்கள்.

#29 ஊசிக்காரன் (காலை 12.24)

அப்படியென்றால் முதலில் இரண்டு டாலர் என்கிறீர்களா?

#30 கணக்குப்பிள்ளை (காலை 12.25)

மூன்று.