காற்று அடித்தால் பாதத்தைத் தேடுகிறேன்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கொல்லையில் தென்னை ஒவ்வொன்றாக முறியும் சத்தத்தை, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு விடியும்வரை கேட்டேன். அப்புறம் மரத்தைப் பற்றிப் பேசினோம், நிவாரணத்தைப் பற்றிப் பேசினோம், கரண்ட் எப்போது வரும் என்று பேசினோம்.

அடுத்த ஐப்பசியில்தான் கவனித்தேன். காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் தாடை இறுகும், தோள் காதுவரை ஏறும், உள்ளங்கை சில்லிட்டுப் போகும். "அதான் போயிருச்சே, இன்னும் என்ன பயம்?" என்பார்கள். போய்விட்டதென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தாடை இறுகியது.

யாரோ சொன்னார்களென்று கண்ணை மூடி நெஞ்சைக் கவனித்துப் பார்த்தேன். நேராக அந்த ராத்திரிக்குள்ளேயே போய் விழுந்தேன். பிறகு தஞ்சாவூரில் பார்த்த மனநல ஆலோசகர் வேறு மாதிரி ஆரம்பித்தார். "கண்ணைத் திறந்தே வைங்கம்மா. பயம் இருக்கிற இடத்துக்கு இப்போ போக வேண்டாம். உடம்புல எந்த இடம் சும்மா இருக்கு?" ரொம்ப நேரம் யோசித்து, "பாதம்" என்றேன்.

தாளடி நடவுக்கு இறங்கினபோது அது புரிந்தது. கணுக்கால்வரை சேறு, விரலிடுக்கில் குளிர்ச்சி. கால் பதிந்து நிற்கிறது என்று தெரிந்த கணத்தில் தாடை தானாக விட்டது. அதிலிருந்து காற்று வந்தால் முதலில் பாதம். சுற்றிலும் ஒருமுறை பார்ப்பேன். பிறகு நெஞ்சுப் படபடப்பைக் கொஞ்ச நேரம் தொட்டுவிட்டு, மறுபடி பாதத்துக்கே வந்துவிடுவேன். மூச்சை மெதுவாக, நீளமாக விடுவேன். அப்படி விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும் என்று ஆலோசகர் விளக்கினார்.

முழுக்கச் சரியாகிவிடவில்லை. முன்பு இரண்டு நாள் உலுக்கியது, இப்போது அரை மணி நேரத்தில் அடங்குகிறது. எனக்கு அதுவே பெரிது.

---

அக்கா, நான் நாகப்பட்டினம். 2004 சுனாமியின்போது எனக்கு ஒன்பது வயது. எனக்கு மூச்சுப் பயிற்சியே ஆகாது. "இழுத்துப் பிடி" என்றால் தண்ணீருக்குள் இருந்ததுதான் ஞாபகம் வரும். பெரியவர்களோடு கரைவலை இழுக்கப் போனேன். குதிகாலை மணலில் ஊன்றி, எல்லோரும் சத்தம் கொடுத்து ஒன்றாக இழுக்கும்போது கை நடுக்கம் நின்றது. வீட்டில் இருந்தால் சுவரை இரண்டு கையாலும் தள்ளுவேன். எந்த இடம் தாங்குகிறது என்று அவரவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். தனியாக முடியாதவர்கள் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

---

தம்பி, சுவரைத் தள்ளுவதை என் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். புயலுக்குப் பிறகு மழை ராத்திரிகளில் அவர் படுப்பதே இல்லை. நேற்று மழை. சுவரைத் தள்ளிவிட்டு, "தோள் இறங்குதுடி" என்றார். பிறகு திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.