ரயில், சாலை, வேலி: வழித்தடங்களில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் அடிக்கடி ரயிலில் போகிறவன் நான். எட்டிமடை வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ஒரு கர்ப்பிணி உட்பட மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்ததிலிருந்து வந்த பழக்கம். ஒரு விடியற்காலை, தண்டவாளத்துக்கு அடியில் கட்டிய சுரங்கப்பாதை வாயில் ஒரு தாய் யானை நின்றது. துதிக்கையால் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் குட்டியின் கால்கள் மட்டும் தெரிந்தன. மனசு நிறைந்துவிட்டது. இதெல்லாம் சும்மா வரவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டது, ரயில்வே பணம் ஒதுக்கியது, 2024-ல் மதுக்கரையில் வனத்துறை 7.24 கோடி ரூபாயில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் இப்போது ரயில்வேக்கு உடனே தகவல் போகிறது.

---

நான் கர்நாடகாவுல பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியா போற ரோட்டுல லாரி ஓட்டுறேன். ராத்திரி 9 மணிக்கு கேட் போட்டா காலையில 6 மணிக்குத்தான் திறப்பாங்க. 2009-ல இருந்தே இப்படித்தான். ஒருநாள் முதல் வண்டியா உள்ளே போனேன். ரோட்டு நடுவுல யானைச் சாணி, இன்னும் ஆவி பறக்குது. கொஞ்சம் தள்ளி மான் கூட்டம் தார் மேலயே படுத்திருக்கு. அதுங்க எழுந்து போற வரைக்கும் இன்ஜினை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். கேட் இருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா செக்போஸ்ட்ல காத்துக் கிடக்கிறவனுக்கு தண்ணி, கக்கூஸ், படுக்க இடம், இதுக்கும் அரசு காசு ஒதுக்கணும். காட்டைக் காக்கிற செலவு டிரைவர் தலையில மட்டும் விடியக்கூடாது.

---

மேலே சொன்ன அண்ணன் பேச்சு நியாயம். 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டு வழியே போயிருக்கிறேன். விலங்குகள் அடியில் கடக்க 9 இடங்களில் கட்டுமானம் இருக்கிறது, நீளமானது 750 மீட்டர். 2019-ல் அங்கே வைத்த கேமராக்களில் 18 வகை விலங்குகள் சிக்கின, புலிகள் மட்டும் 11. வருடக்கணக்கில் வழக்கு நடந்த பிறகு கிடைத்தது இது. சாலைத் திட்டம் போடும்போதே இந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்திருந்தால் அத்தனை வருடம் வீணாகியிருக்காது.

பாலம் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் நிலம் திறந்திருக்க வேண்டும். நீலகிரி சீகூரில் யானை வழித்தடத்தை, அதாவது யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் பாதையை, காக்க 2010-ல் அரசாணை வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023-ல் மத்திய அரசு பட்டியலிட்ட யானை வழித்தடங்கள் 150. உங்கள் ஊர்ப் பக்கம் அதில் ஒன்று இருந்தால், அங்கே புதிதாக வேலி முளைக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.