மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட 'உஸ்ஸ்': சுரங்கம், குவாரி, மணல் பக்கம் போனவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கோ

கட்டுபெத்தைப் பழசு

பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் காலி வீதியில் டயர்க் கடையைக் கடக்கும்போது காற்று கசிகிற சத்தம் கேட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது. பயிற்சிக்காக ஒரு பென்சில் கரிச் சுரங்கத்தில் ஆறு வாரம் இருந்தேன். எது என்று கேட்காதீர்கள், ஓடுகிற பெரிய சுரங்கங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை, பெயர் சொன்னால் ஆளையும் பிடித்துவிடுவீர்கள்.

பன்னிரண்டு மணிக்குத் துளை போடுகிற மெஷின் நின்றது. சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். கை கழுவியும் விரல் பட்ட சோறெல்லாம் வெள்ளி மினுக்கம், கரி அப்படித்தான் ஒட்டும். அப்போதுதான் கேட்டது, 'உஸ்ஸ்' என்று, நிற்காமல். தலை விளக்கைத் திருப்பிக்கொண்டு தேடிப் போனேன். துளை மெஷினை ஓட்டுகிற அமுக்கிய காற்று வருகிற இரும்புக் குழாயின் மூட்டில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள், அதன் நுனி காற்றில் உதடு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு தளத்தில் மட்டும் இப்படி ஏழு இடம் எண்ணினேன். நாங்கள் சாப்பிடுகிறோம், ஒரு மெஷினும் ஓடவில்லை, மேலே காற்றை அமுக்குகிற கொம்பிரசர் மட்டும் இந்த ஏழு உதட்டுக்காக உறுமிக்கொண்டு நிற்கிறது.

போர்மனிடம் சொன்னேன். அவர் சிங்களத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மகன், நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அது ஊதுது. அது நிண்டால்தான் எங்களுக்குப் பயம்." அவருக்கு அந்தச் சத்தம் மேலே மின்சாரம் இருக்கிறது, காற்று வருகிறது என்பதற்கு அடையாளம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏழு பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட்டைத் தின்னும். இரவு பகல் ஓடினால் வருசத்துக்கு 26,000 யூனிட் சொச்சம். ஒரு ஓட்டைக்கு! கொம்பிரசருக்குள் போகிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் துளை முனையில் வேலையாக வருகிறது, மிச்சமெல்லாம் சூடு, அதிலும் பாதி வழியிலேயே போனால் என்ன மிஞ்சும்?

நிலத்திலிருந்து எடுக்கிற இடத்தில் இப்படி வீணாகப் போனதோ, சிக்கனமாக மிஞ்சியதோ, உங்களுக்கும் மனதில் நிற்கிற ஏதாவது இருக்கும், எழுதுங்கோ.

செட்டியார் தெரு ராசா

உங்களுடையது காற்று, என்னுடையது தண்ணீர். இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் சின்னப் பங்கு போட்டிருந்தேன், காசு போட்டவன் என்ற உரிமையில் ஒரு இரவு அங்கே தங்கினேன். மரச்சட்டம் இறக்கி, மண் சரியாமல் பின்னால் கெக்கில்ல என்கிற பன்னச் செடியின் இலையை அடைத்து, 'இல்லம்' என்கிற மாணிக்கம் கிடக்கும் சரளைப் படை வரும்வரை இறங்குகிற பழைய முறைக் குழி. ஊற்றுத் தண்ணீர் விடாது என்பதால் பம்ப் இராப்பகலாக ஓட வேண்டும்.

நித்திரை வரவில்லை, டோர்ச்சுடன் வெளியே வந்தேன். எங்கள் பம்ப் கக்கிய தண்ணீர் ஒரு கானில் ஓடி, இருபது அடி தள்ளி வேறு ஒருவருடைய குழிப் பக்கம் போய்த் தேங்கி, மண்ணுக்குள் இறங்குகிறது. அவருடைய பம்ப் அதை இழுத்து எங்கள் பக்கம் ஊற்றுகிறது. இரண்டு பம்ப்பும் ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்தன! காலையில் இரண்டு பக்க ஆட்களிடமும் சொன்னேன். சிரித்தார்கள். டீசல் அவர்கள் பங்கிலிருந்து போகவில்லை, என்னுடையதிலிருந்து போனது. கல் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

மட்டக்குளி மருமகள்

நான் சுரங்கம் எதையும் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன். கலியாணமாகி வந்த முதல் வருசம், மாசி மாதம், மழை இல்லை. மாமிக்குப் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தா. "பிள்ளை, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியோ?" சத்தியமாக இல்லை. ஊற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன், அதுவும் உப்புக் கரித்தது. மாமி மூன்றாவது தரம் தானே போட்டா, அப்புறம்தான் நம்பினா.

குழாய்த் தண்ணீர்தான் உப்பு. களனி கங்கையில் வருசக் கணக்காக மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, வறட்சியில் ஆற்றோட்டம் குறைந்தால் கடல் அடியால் ஏறி அம்பத்தலையில் எங்களுக்குத் தண்ணீர் எடுக்கிற இடம் வரை வந்துவிடுகிறது. உப்பை மறிக்க அங்கே ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டி வந்தது. ஒரு கியூப் மணலின் விலையில் இந்தத் தடுப்பின் செலவை யாராவது சேர்க்கிறார்களா?

மணல் லொறி மச்சான்

அக்கா, கோபிக்காமல் கேளுங்கோ. உப்பு ஏறினது வறட்சியால். மழை பெய்தால் ஏறுமா? எல்லாப் பழியும் மணல்காரன் தலையில். நான் ஏழு வருசம் டிப்பர் ஓடினவன், பெர்மிட் இல்லாமல் ஒரு நடை போனதில்லை. நீங்கள் இருக்கிற வீடு எதால் கட்டினது, சீனியாலா? 2019 கடைசியில் மணல் கொண்டுபோகப் பெர்மிட் தேவையில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டபோது ராத்திரி ராத்திரியாக ஆற்றில் இறங்கினவர்கள் வேறு ஆட்கள், அவர்களையும் எங்களையும் ஒரு தராசில் வைக்காதீர்கள்.

என் அனுபவமும் சின்னதாக ஒன்று: மஹ ஓயாவில் நாங்கள் வழக்கமாக லொறி நிறுத்துகிற கரையில் ஒரு தென்னை நின்றது, அதில்தான் சாரத்தைக் காயப் போடுவோம். ஒரு திங்கட்கிழமை போனேன், தென்னை ஆற்றுக்குள் நிற்கிறது. சாய்ந்து அல்ல, நேராக, கரையோடு சேர்ந்து அப்படியே இறங்கி. சாரம் அதில் இன்னும் தொங்கியது.

மட்டக்குளி மருமகள்

தம்பி, உங்கள் தென்னைக் கதை நான் சொன்னதைத்தானே சொல்கிறது? வறட்சி என் பாட்டி காலத்திலும் வந்தது. அடி ஆழமானதால்தான் இப்போது உப்பு அவ்வளவு தூரம் வருகிறது. வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

தெஹிவளை பாஸ்

மணல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன வருசம் ஒரு சைட்டில் கடல் மணல் என்று ஒரு லோட் வந்தது, நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுள்ளென்றது, திருப்பி அனுப்பினேன், அவ்வளவுதான் கதை.

ஆனால் வீடு கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. கடல் மணல் கெட்டது இல்லை. முத்துராஜவெலவில் குவித்து மழையிலும் தண்ணீரிலும் கழுவி உப்பை இறக்கித்தான் விற்கிறார்கள், ஆற்றைக் காப்பாற்ற அது நல்ல வழி. கழுவாமல் வந்ததுதான் ஆபத்து, உப்பு கொங்கிறீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், பத்துப் பதினைந்து வருசத்தில் பீமில் வெடிப்பு வரும், அப்போது வீடு கட்டின மேசன் பாஸைத் தேடுவீர்கள். குவியலின் மேல் மணலைப் பார்த்து எடுக்காதீர்கள், மேலேதான் மழை கழுவியிருக்கும், உப்பு அடியில் இருக்கும், நடுவில் கையை விட்டு எடுங்கோ. அடுத்தது சேறு. கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி இரவு வையுங்கோ, காலையில் மேலே படிகிற மெல்லிய படைதான் சேறு, அது தடிப்பாக இருந்தால் வேண்டாம். கல்லை அரைத்த மணல் பூச்சுக்குச் சொரசொரப்பு என்று மேசன்மார் முகம் சுளிப்பார்கள், கொங்கிறீட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் தூள் கூடினால் தண்ணீர் கேட்கும், தண்ணீர் கூடினால் பலம் போகும், மேசன் ஹோஸைத் திறந்து விடாமல் பக்கத்தில் நில்லுங்கோ. இன்னொன்று, பழைய வீட்டை இடிக்கிறவர்கள் உடைந்த கொங்கிறீட்டை வயலில் கொட்டாமல் நிலத்துக்கு அடியில் நிரப்பப் பாவியுங்கோ, அந்த அளவுக்குப் புதுக்கல் மிச்சம்.

செட்டியார் தெரு ராசா

பாஸ், இங்கே யாரும் வீடு கட்டவில்லை.

கணக்குப்பிள்ளை

நான் ஒரு கல் குவாரியில் மூன்று வருசம் கணக்கு எழுதினேன். வெடி வைத்த அன்றைக்கு எல்லோரும் எத்தனை டிப்பர் கல் விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு மற்றக் கணக்கு கண்ணில் பட்டது: கல் நொறுக்குகிற கிறஷர் வாய்க்குள் போகாத பெரிய கல்லை உடைக்க பெக்கோ மெஷினில் பூட்டிய சுத்தியல் ஓடிய மணித்தியாலம். சில கிழமை அது வெடிமருந்துச் செலவையே தாண்டியது.

ஒரு நாள் வெடி வைத்ததும் கைப்பிடி அளவு கல் ஒன்று ஒபிஸ் தகரத்தைப் பொத்துக்கொண்டு என் லெட்ஜர் மேல் விழுந்தது. இன்னும் சூடு. நான் தேத்தண்ணி எடுக்க எழும்பியிருந்தேன். பழைய வெடிகாரர் வந்து கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வாய் அடைக்கேல்லை" என்றார். வெடிமருந்து இறக்கிய துளையின் மேல் பகுதியைச் சல்லியால் இறுக்கி அடைக்க வேண்டும், அன்றைக்கு அவசரத்தில் கைக்கு வந்த தூளைப் போட்டிருக்கிறார்கள். வாய் சரியாக அடைபடாவிட்டால் வெடியின் பலம் பாறைக்குள் போகாமல் மேலால் வெளியேறும். ஊருக்குச் சத்தம், தகரத்துக்குக் கல், உள்ளே பாறை அரைகுறையாக உடைந்து பெரிது பெரிதாகக் கிடக்கும். அயல் வீட்டுக்காரரின் முறைப்பாடும் என் சுத்தியல் கணக்கும் ஒரே துளையிலிருந்து வந்தவை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. முதலாளியிடம் காட்டினேன். தகரத்தை மாற்றினார்.

புல்மோட்டைப் பிள்ளை

அப்பா புல்மோட்டையில், கடற்கரைக் கனிம மணல் எடுக்கிற இடத்தில், வேலை செய்தார். சின்ன வயதில் ஒரு போத்தலில் கறுப்பு மணல் கொண்டுவந்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் பிடிப்பார், கறுப்பு மணிகள் எழும்பி நிற்கும், வெள்ளை மணல் அப்படியே கிடக்கும். "ஆலையும் இதுதான் மகள், காந்தம் பெருசு." அங்கே பெரிய காந்தம் இல்மனைட் என்கிற டைட்டானியக் கனிமத்தை இழுக்கும், பிறகு மின்சாரத்தால் ரூட்டைல், சேர்கோன் என்கிற மற்றக் கனிமங்களைப் பிரிப்பார்களாம்.

இப்போது பம்பலப்பிட்டியில் வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ற் வாங்கினேன். வாளியில் டைட்டானியம் என்று எழுதியிருந்தது. அப்பாவின் கறுப்பு மணல்தான் கப்பலேறிப் போய் எங்கேயோ வெள்ளையாகித் திரும்புகிறது என்று கடைக்காரப் பொடியனிடம் சொன்னேன், அவன் பில் போட்டுக்கொண்டிருந்தான்.

மணல் லொறி மச்சான்

தங்கச்சி, இது சிக்கனக் கதை இல்லையே, ஏற்றுமதிக் கதை. அதை இங்கேயே வெள்ளையாக்க அமிலம் வேண்டும், அமிலக் கழிவை எந்த ஊரில் ஊற்றுவது? உங்கள் ஊரிலா?

புல்மோட்டைப் பிள்ளை

ஆலை கட்டச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? போத்தலைப் பற்றித்தான் எழுதினேன்.

கணக்குப்பிள்ளை

எப்பாவலையில் நிலத்துக்குள் கிடக்கிற பொஸ்பேற்று, உரத்துக்கு எடுக்கிற பாறை, அதிலும் இந்தச் சண்டைதான். கிடந்ததை அவசரமாகத் தோண்டி முடிக்கிற திட்டம் வந்தது, ஊர்ச் சனம் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மறித்தது. கணக்குக்காரனாகச் சொல்கிறேன், வேகமாகத் தோண்டுவதைச் சிக்கனம் என்று எழுதிக் கொடுக்கும் பைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு பத்தி அதில் இருக்காது. பழசு, நீங்கள் கதையை முடிக்கவில்லை, அந்த ஏழு ஓட்டைக்கு என்ன நடந்தது?

கட்டுபெத்தைப் பழசு

கேட்பீர்கள் என்று தெரியும். பயிற்சி அறிக்கையில் நாலு பக்கம் எழுதினேன், படத்தோடு. மேலே கொடுப்பதற்கு முதல் அங்கிருந்த பொறுப்பானவர் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீர், இந்த நாலு பக்கம் வேண்டாம், கரண்ட் பில் பற்றிக் கேள்வி வரும்" என்றார். எடுத்துவிட்டேன். பாஸாக வேண்டுமே.

கடைசி நாள் போர்மன் என்னைக் கூப்பிட்டுக் குழாய் பொருந்துகிற ஓர் இடத்தைக் காட்டினார், முதல் நாள் நான் கை வைத்துப் பார்த்தது. டியூப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் வாஷர் போட்டுப் போல்ட்டை இறுக்கியிருந்தார், தன் காசில் வாங்கினதாம். காதை வைத்துக் கேட்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் காதை வைத்துக்கொண்டு நின்றார், பிறகு கொம்பிரசர் ஓடுகிறதா என்று மேலே போன் பண்ணிக் கேட்டார்.