உடம்பு மெலிந்தது, தோல் மெலியவில்லை: என்ன செய்யலாம்?

மஸ்கெலியாப் பெண்:

வணக்கம். வயது 34. ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். 108 கிலோவாக இருந்தவள், இப்போது 67 கிலோ. கிளினிக்கில் சீனி ஏறியிருக்கிறது என்றார்கள். கோதுமை மா ரொட்டியைக் குறைத்தேன், பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டேன், பஸ்ஸை விட்டு மலைப்பாதையில் நடந்தேன். வேறு மந்திரம் எதுவும் இல்லை. சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய கதைதான். ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. சேலை கட்டினால் கொசுவத்துக்கு மேல் வந்து விழுகிறது. கையை உயர்த்தினால் மேற்கைத் தோல் தனியாக ஆடுகிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் விளக்கை அணைக்கச் சொல்கிறேன்.

தோட்டத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போது இன்னும் கஷ்டம். லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே பீலி, தண்ணீர் கொட்டும் குளிக்கும் இடம். பெண்கள் எல்லோரும் பாவாடையைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஒன்றாகத்தான் குளிப்போம். ஈரப் பாவாடை எதை மறைக்கும்? 108 கிலோவில் அங்கே கூச்சமில்லாமல் நின்றேன். இப்போது எல்லோரும் கொழுந்துக்குப் போன பிறகு தனியாகப் போகிறேன்.

குண்டாக இருந்தபோது "வசதியாக வாழ்கிற பிள்ளை" என்றவர்கள், கோயில் திருவிழாவில் "என்ன வருத்தம், கொழும்பில் காட்டினாயா?" என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி மெலிந்தால் நோய், இல்லாவிட்டால் புருஷன் சரியில்லை. மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது.

இந்தத் தோல் சுருங்குமா? பேஸ்புக்கில் விற்கும் கிறீம் தோலை இறுக்குமா? வயிற்று மடிப்புக்குள் சிவந்து அரிக்கிறது, அதற்கு என்ன போடலாம்? அண்ணி வெங்காயச் சாறு பூசச் சொல்கிறார். அவரிடம் எல்லாவற்றுக்கும் வெங்காயம்தான்.

நுவரெலியாத் தாதி:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். மடிப்புக்குள் தோலும் தோலும் உராய்ந்து, வியர்வை காயாமல் நிற்கும் இடத்தில் பங்கசு, அதாவது பூஞ்சை, வளரும். குளிர் ஊரில் ஏது வியர்வை என்று நினைக்க வேண்டாம். நைலோன் உள்ளாடைக்கு மேல் ஜேர்சியும் போட்டு ஏற்றம் ஏறினால் உள்ளே ஈரம்தான். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த உடுப்பையும் போட்டுக்கொள்கிறோம்.

குளித்ததும் மடிப்பைத் தூக்கி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பருத்தித் துணியை இடையில் வையுங்கள். பங்கசுக்குப் போடும் க்ளோட்ரிமசோல் கிறீம் பாமசியில் கிடைக்கும், ஆனால் உங்களுக்குச் சீனி இருப்பதால் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போடுங்கள். சீழ், நாற்றம், காய்ச்சல் என்றால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வெங்காயத்தைக் குழம்பில் போடச் சொல்லுங்கள்.

தோலைப் பற்றி: பல வருடம் இழுபட்ட தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் சேதப்பட்டிருக்கும். வயது, புகைத்தல், எத்தனை காலம் பருமனாக இருந்தோம் என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். காலப்போக்கில் ஓரளவு இறுகலாம். 40 கிலோ இறங்கியவருக்கு முழுவதும் சுருங்கும் என்று நான் சொல்லமாட்டேன். கிறீம் மேல்தோலை மிருதுவாக்கும். அந்த நார்களைத் திரும்பக் கட்டாது. காசை வைத்திருங்கள்.

இன்னொன்று. கிளினிக்கில் "அசிங்கமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது" என்று சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவதானால் அந்தக் குறிப்பு உதவும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

பண்டாரவளை அண்ணன்:

ஆண்களுக்கும் இது இருக்கிறது, தங்கச்சி. எனக்கு நெஞ்சுத் தோல். கிரிக்கெட் முடிந்து பையன்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றும்போது நான் ஜேர்சியைத் தேடுவேன்.

எனக்குக் கொஞ்சம் உதவியது பாரம் தூக்குவதுதான். ஜிம் தேவையில்லை, 5 லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டு போதும். தசை வளர்ந்ததும் தோளிலும் கையிலும் தோலுக்கு அடியில் நிரம்பியது. வயிற்றில் பெரிய வித்தியாசம் இல்லை, பொய் சொல்லமாட்டேன். சாப்பாட்டை மட்டும் குறைத்து மெலிந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். அதனால் முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை தினமும் இருக்கட்டும். சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

கம்பளை அக்கா:

நான் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்தவள். ஒளிக்காமல் சொல்கிறேன். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு. தொப்புளைக்கூடப் புதிய இடத்தில் எடுத்துத் தைத்தார்கள். நீர் வடியக் குழாய், வாரக்கணக்கில் பெல்ட், தொடக்கத்தில் கூனித்தான் நடந்தேன், குடம் தூக்கவே கூடாது. கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தைப் பற்றி முன்பே சொன்னார்கள். எடை ஏறாமல் இறங்காமல் ஆறு மாதமாவது நின்ற பிறகுதான் செய்தார்கள். சீனியையும் ஹீமோகுளோபினையும் பார்த்தார்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டுச் செய்யுங்கள், கர்ப்பத்தில் வயிறு மறுபடியும் இழுபடும்.

அரிப்பு போனது. சட்டை ஒழுங்காக நிற்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் வெகுகாலம் பஸ்ஸில் சீட்டின் ஓரத்தில்தான் ஒதுங்கி உட்கார்ந்தேன், கடைக் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைந்தேன். மனம் பழைய அளவிலேயே இருந்தது. தூக்கம் கெட்டு, ஆட்களைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்குப் போனால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

பீலிக்குத் தடித்த கறுப்புத் துணியில் பாவாடை தைத்துப் பாருங்கள்.

மஸ்கெலியாப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. கிறீமை வாங்கப்போவதில்லை. கிளினிக்கில் தாதி அக்கா சொன்னபடியே சொல்கிறேன். இன்னொரு பிள்ளை பற்றி இன்னும் முடிவில்லை, ஆகவே சத்திரசிகிச்சை இப்போதைக்கு வேண்டாம். கம்பளை அக்கா, தடித்த பாவாடை நனைந்தால் அதைப் பிழியவே இன்னொரு ஆள் வேண்டும்! மெல்லிய கறுப்பில் தைக்கிறேன். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது மச்சாளை முதலில் கூட்டிக்கொண்டு இறங்குவேன், அவள் வாயாடி, யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

பண்டாரவளை அண்ணா, கேனைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறதே?

பண்டாரவளை அண்ணன்:

பாதித் தண்ணீரோடு தொடங்குங்கள். கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.