குழந்தை அவசரத்தில் வீடியோ ஆலோசனை: போனே போதாதா?

இரவுப்பணி_சிஸ்டர்

சின்ன மருத்துவமனையில் அவசரப் பிரிவு, இரவுப் பணி. இரவில் குழந்தை மருத்துவர் கிடையாது. டியூட்டி டாக்டர் ஒருவர், நான், இன்னொரு சிஸ்டர், அவ்வளவுதான். ஒரு மாதமாகப் பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் ஐசியூவோடு வீடியோ இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு திரை, அதன் மேல் கேமரா.

போன வாரம் எட்டு மாதக் குழந்தை ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. இணைப்பு கிடைக்கவே ஆறேழு நிமிடம் ஆகிவிட்டது. கிடைத்த பிறகும் "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, இருட்டா இருக்கு, இப்ப மானிட்டரைக் காட்டுங்க" என்று ஒரே கட்டளை. நான் ஒரு கையில் ஆக்சிஜன் மாஸ்க், இன்னொரு கையில் ஸ்டாண்ட் என்று நிற்கிறேன், குழந்தையின் அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். குழந்தை தேறிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் இதையே போனில் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் டாக்டருக்கும் அதே எண்ணம்தான், வெளியே சொல்ல மாட்டார். உண்மையிலேயே வீடியோவால் பயன் உண்டா, இல்லை பேருக்கு வாங்கி வைத்ததா?

ஐசியூ_மறுமுனை

சிஸ்டர், திரைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆட்களில் நானும் ஒருவன். ஆறேழு நிமிடம் என்பது எங்கள் பக்கத் தவறு, அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கள் திரையில் மணி அடிக்க வேண்டும், கடவுச்சொல் தட்டிக்கொண்டிருக்கிற ஏற்பாடு அவசரத்துக்கு ஆகாது. இன்னொன்று, எங்களுக்காக எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். மூச்சு நிற்கப்போகிற குழந்தைக்கு பேக்-மாஸ்க் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்த என் அனுமதி எதற்கு?

ஆனால் போனே போதும் என்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. "எட்டு மாதம், மூச்சு வாங்குது, ஆக்சிஜன் அளவு 93" என்று போனில் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதே வரிக்கு இரண்டு குழந்தைகள் பொருந்தும். ஒன்று அம்மா மடியில் திமிறி, மாஸ்க்கைப் பிடுங்கி, ஆளைப் பார்த்து அழும். இன்னொன்று அரைக்கண் மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆட, ஊசி குத்தினாலும் சிணுங்காமல் கிடக்கும். அந்த இரண்டாவது குழந்தை எந்த நிமிடமும் மூச்சை நிறுத்திவிடலாம். இதில் மோசமானது என்னவென்றால், களைத்துப்போகிற குழந்தையின் மூச்சு எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும், போனில் எண்ணை மட்டும் கேட்கிறவன் "சரி, தேறுகிறது" என்று நினைத்துவிடுவான். நானே அப்படி ஒருமுறை நினைத்திருக்கிறேன்.

அதனால் நான் முதலில் கேட்பது முகத்தையும் நெஞ்சையும்தான், மானிட்டர் அப்புறம். சட்டையைக் கழற்றிவிட்டு, கேமராவைக் கால்மாட்டில் நிறுத்திவிட்டு விலகிவிடுங்கள், தலைமாட்டில் உங்களுக்கு இடம் வேண்டும். ஒரு முழு நிமிடம் மூச்சை நானே எண்ணிக்கொள்வேன் (இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு). தோலின் நிறத்தைத் திரையில் நம்ப மாட்டேன், விளக்கைப் பொறுத்து நீலமும் மஞ்சளும் மாறிவிடும். நடுநெஞ்சில் ஐந்து விநாடி அழுத்தி விட்டு, நிறம் திரும்புகிற வரை நீங்கள் சத்தமாக எண்ணினால் போதும். மூன்றைத் தாண்டினால் ரத்த ஓட்டத்தைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பிப்பேன்.

சத்தம் ஒரு பெரிய சிக்கல். வீடியோ செயலிகள் பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டும். குழந்தையின் முனகலும், மூச்சை இழுக்கும்போது வருகிற கரகரப்பும் அதில் போய்விடும், எனக்கு எதுவும் கேட்காது. அமைப்புகளில் அந்த இரைச்சல் நீக்கத்தை அணைத்து வையுங்கள்.

சிற்றூர்_டாக்டர்

நான் சிஸ்டரின் பக்கம் இருப்பவன், அதாவது இருந்தவன். முகத்தைப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும், என் மனதை மாற்றியது மருந்து அளவு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு ஒன்று சிற்றூர் அவசரப் பிரிவுகளில் குழந்தைகளுக்கு நேர்ந்த மருந்துத் தவறுகளை எண்ணி, 2013இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டது. வீடியோவில் நிபுணர் இருந்தபோது மருத்துவர்களின் தவறு 3.4 சதவீதம், போன் மட்டும் என்றால் 10.8, யாரையும் கேட்காதபோது 12.5. மொத்தமே 234 குழந்தைகள், குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை, அதனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உறைத்தது என்னவென்றால், போன் ஆலோசனைக்கும் ஆலோசனையே இல்லாததற்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கடும் ஒவ்வாமையோடு வந்த எட்டு கிலோ குழந்தை, தசையில் போடும் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலிலிருந்து 0.08 மில்லி. போனில் அந்தப் பக்கம் "பாயிண்ட் ஜீரோ எய்ட்" என்றார்கள், கோடு கரகரத்தது, எனக்கு "பாயிண்ட் எய்ட்" என்று விழுந்தது. பத்து மடங்கு! சிரிஞ்சில் ஏற்றியும் விட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் "இவ்வளவா சார்?" என்று கேட்டதால் நின்றது. இப்போது ஏற்றிய சிரிஞ்சை ஊசி போடும் முன் கேமரா முன்னால் பிடித்து, எடை, மில்லிகிராம், மில்லி மூன்றையும் வாய்விட்டுச் சொல்கிறேன், அவர்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் போடுவது. பத்து விநாடிதான் ஆகும்.

அந்தக்_குழந்தையின்_அம்மா

டாக்டர்களுக்கு நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் மகளும் இப்படித் திரை முன்னால் படுத்திருந்தவள்தான். முதல் ஐந்து நிமிடம் திரையில் இருப்பது யார் என்றே யாரும் சொல்லவில்லை, யாரோ வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் "அம்மா, பாப்பாவை மடியிலேயே வச்சுக்கோங்க, நான் அங்கிருந்தே பாத்துக்கிறேன்" என்றார். அதோடு என் கை நடுக்கம் நின்றது. விடிகாலையில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள், வாசலில் நின்றதும் அதே முகம். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு சந்தேகம், வீட்டிலிருந்தே இப்படி வீடியோவில் காட்டலாமா?

ஐசியூ_மறுமுனை

சளி, தடிப்பு, லேசான வயிற்றுப்போக்கு என்றால் தாராளமாக. ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத குழந்தை, மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் ஜுரம், பொத்தான் பேட்டரி (சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி) விழுங்கியது என்றால் திரையைத் தேடாமல் கிளம்புங்கள். பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், வரிசையில் காத்திருக்க நேரமில்லை.

இரவுப்பணி_சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. கோபம் பாதி குறைந்தது, மீதி அந்த ஸ்டாண்டின் மேல்தான். நேற்று கட்டிலின் கால்மாட்டில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டோம், குழந்தை வந்தால் காவலாளி அண்ணன் ஸ்டாண்டைத் தள்ளிவந்து அந்த இடத்தில் நிறுத்துவார், எடை பார்க்கும்போதே இணைப்பும் போய்விடும். யார் பேசுகிறார்கள் என்று பெற்றோரிடம் முதலில் சொல்வது என் பொறுப்பு என்று எழுதிக்கொண்டேன். இரைச்சல் நீக்கத்தை அணைக்க மட்டும் இன்னும் முடியவில்லை. அமைப்புகளுக்குள் போகக் கடவுச்சொல் கேட்கிறது, அது யாரிடம் இருக்கிறது என்று மூன்று நாளாகத் தேடுகிறோம்.